வேலைநிறுத்தக் கேட்டில் ஒரு லேடி கார்டு

கேட்டில் நிற்கிறவளுக்கு உள்ளே இருப்பவர்களும் சொந்தமில்லை, வெளியே இருப்பவர்களும் சொந்தமில்லை. வெயில் ஒன்றுதான் சொந்தம். நீலச் சட்டை போட்டு, கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு ஓசூர் சுற்று வட்டாரத்தில் நின்றே காலம் தள்ளுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உள்ளே இருப்பவர்கள் நம்மை நாய் என்பார்கள், வெளியே இருப்பவர்கள் அந்த நாய் யாருடையது என்று கேட்பார்கள்.

நான் பிலோமினா. மத்திகிரியில் வாடகை வீடு. வீட்டுக்காரர் அந்தோணி ஆட்டோ ஓட்டுகிறார். ஒன்பது வருஷமாக நான் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் ஆள். அவர்கள் என்னைப் போட்டிருந்த இடம் ஜூஜுவாடி பக்கம், வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற ஒரு கம்பெனி. அங்கே முக்கால்வாசி பெண்கள். ஷிப்டு முடிந்து அவர்கள் வெளியே வரும்போது பையைத் திறந்து பார்த்து, உடம்பைத் தடவிப் பார்த்து அனுப்புவது என் வேலை. தினமும் தன்னைத் தடவிப் பார்க்கிறவளை யாருக்குப் பிடிக்கும்? எனக்கே அந்த வேலை பிடிக்காது.

அந்தப் பெண்கள் சங்கம் ஆரம்பித்தார்கள். செயலாளர் கலைச்செல்வி, நாகரசம்பட்டிப் பெண், டெஸ்டிங் லைனில் வேலை. ஒரு மாதம்கூட ஆகவில்லை, சங்கக் கமிட்டியில் இருந்த பதினோரு பேரையும் வடநாட்டில் இருக்கிற இன்னொரு யூனிட்டுக்கு மாற்றி ஆர்டர் வந்துவிட்டது. அதில் ஒருத்திக்கு எட்டு மாதக் கைக்குழந்தை. மாற்றல் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அன்றைக்கு என் கேட்டைத் தாண்டிப் போனபோது நான் அவளைத் தடவிப் பார்க்கவில்லை. ஒன்பது வருஷத்தில் நான் விட்ட முதல் ஆள் அவள்தான். பிறகு நடந்தவற்றைச் சொல்கிறேன்.

வாங்கக் கூடாத காகிதம்

ஒரு நாள் காலையில் எச்.ஆர். மேனேஜர் கேட்டுக்கு போன் செய்தார். சங்கத்துக்காரர்கள் ஒரு காகிதம் கொண்டு வருவார்கள், ஆபீசர் யாரும் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பு, கையில் வாங்காதே என்றார். அது என்ன காகிதம் என்று எனக்குத் தெரியும். ஸ்டிரைக் நோட்டீஸ். பதினாலு நாள் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் உட்கார்ந்தால் அது சட்டவிரோத வேலைநிறுத்தம் ஆகிவிடும், ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லார் மீதும் நடவடிக்கை எடுக்கலாம். ஏஜென்சி டிரெய்னிங்கில் தூங்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் நான் ஒருத்தி.

மதியம் கலைச்செல்வி வந்தாள். காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். எங்கள் கேபின் சுவரில் ஒரு ஃப்ரேம் மாட்டியிருந்தது. கேட்டுக்கு வரும் எந்தக் கடிதத்தையும் இன்வர்ட் ரிஜிஸ்டரில் பதியாமல் இருக்கக் கூடாது, மீறினால் நடவடிக்கை என்று போட்டு, கீழே அதே மேனேஜரின் கையெழுத்து. எப்போதோ ஒரு கூரியர் தொலைந்ததில் வந்த உத்தரவு. நான் பதிந்தேன். நேரம் எழுதினேன். சீல் குத்தி நகலை அவளிடம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் மேனேஜரே இறங்கி வந்து, யார் வாங்கச் சொன்னது என்று கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். அவர் தன் கையெழுத்தைத் தானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் வந்து பார்த்தால் ஃப்ரேம் இல்லை. எங்கள் ஹெட் கார்டு நஞ்சப்பா, தேன்கனிக்கோட்டைக்காரர், பட்டாளத்தில் பதினேழு வருஷம் இருந்தவர். காலி இடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரூல் போயிட்சி, ஆணி இருக்குது. தொப்பியாவது மாட்டிக்கலாம் வா பிலோமி."

நூறு மீட்டர்

பதினாலு நாள் முடிந்தது, பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். அதற்குள் கம்பெனி கோர்ட்டுக்குப் போய் ஓர் உத்தரவு வாங்கி வைத்திருந்தது. கேட்டிலிருந்து நூறு மீட்டருக்குள் யாரும் கூடக் கூடாது, வண்டியையோ ஆளையோ மறிக்கக் கூடாது. அதற்கு அப்பால் அமைதியாக உட்காரத் தடை இல்லை என்றும் அதிலேயே இருந்தது. ஆனால் அந்தக் கடைசி வரியை மேனேஜர் யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

நஞ்சப்பாவைக் கூப்பிட்டு, ரோடு திரும்புகிற மூலையில் கோடு போடச் சொன்னார். அங்கே மரமும் கிடையாது, மட்டையும் கிடையாது. பக்கத்தில் ஒரு கம்பெனியின் கழிவுநீர்க் கால்வாய் மட்டும்தான். மூலை வரைக்கும் நூறு மீட்டருக்கு மேலே வரும் சார், இருநூறு இருக்கும் என்றார் நஞ்சப்பா. உத்தேசமாகப் போடு என்றார் அவர். கோர்ட்டு உத்தரவில் உத்தேசம் என்று ஒரு வார்த்தை இல்லையே சார் என்று நான்தான் சொன்னேன். மெயின்டனன்ஸில் போய் அளவு டேப் வாங்கி வந்தேன். ஒரு முனையைக் கேட்டுத் தூணில் நஞ்சப்பா பிடித்துக்கொண்டார். மறுமுனையைக் கலைச்செல்வியிடம் கொடுத்தேன். அளப்பதில் நாளைக்கு யாரும் குறை சொல்லக் கூடாது. ரோட்டில் போன லாரிக்காரர்கள் எல்லாம் இடம் விற்பனைக்கு வந்திருக்கிறது என்று நினைத்து மெதுவாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். டேப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நூறு வந்த இடம் ஒரு புங்க மரத்தடி. சுண்ணாம்பில் கோடு போட்டேன். பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ்காரர்கள் உத்தரவைப் படித்து, கோட்டைப் பார்த்து, சரி என்றார்கள். பெண்கள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்தார்கள்.

மரத்துக்கு இரண்டடி தள்ளி ஒரு அம்மாவின் டீக்கடை. அவர் கோட்டையும் தன் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு அடி முன்னாடி கடை போட்டிருந்தன்னா எனக்கும் கோர்ட்டு நோட்டீஸ் வந்திருக்கும் போலக்குது."

முன்வரிசை

நாலாவது நாள், மேனேஜர் வரவழைத்து, பெங்களூரிலிருந்து ஒரு செக்யூரிட்டி ஆபீசர் வந்தார். கூடவே இருபது தடியர்கள். எல்லாருக்கும் காக்கி நிறத்தில் உடுப்பு, கையில் லத்தி. பாதுகாப்புத் திட்டம் என்று ஒரு பெரிய காகிதத்தை மேஜையில் விரித்தார். அதில் கேட்டுக்கு வெளியே வட்டம் வட்டமாக லேடி கார்டுகளைப் போட்டிருந்தார், எங்களுக்குப் பின்னால் அந்த இருபது பேர். எதற்கு எங்களை முன்னால் போடுகிறீர்கள் என்று கேட்டேன். அவர் மறைக்கவே இல்லை. தள்ளுமுள்ளு வந்தால் பெண்களைத் தாக்கினார்கள் என்று கேஸ் போட வசதியாக இருக்கும் என்றார்.

அந்த வட்டங்களில் ஒன்று நான். அடி வாங்குவதற்கென்றே வரைந்த வட்டம். நிற்கிறேன் சார், அந்த உத்தரவை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. நஞ்சப்பா அந்த இருபது பேரைப் பார்த்து, தனியார் காவலாளி போலீஸ் மாதிரி உடுப்புப் போடுவது குற்றம், தமிழ்நாட்டில் வேலை பார்க்க இங்கத்திய லைசென்ஸ் வேண்டும், அது எங்கே என்று கேட்டார். கன்னடத்திலும் ஒரு முறை கேட்டார், புரியவில்லை என்று யாரும் தப்பிக்கக் கூடாது பாருங்கள். லைசென்ஸ் கர்நாடக எல்லையிலிருக்கும் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிட்டது. சாயந்திரத்துக்குள் வேனில் ஏறிப் போனவர்கள் பாதி. மீதி ஆட்களுக்கு உடுப்பு மாறியது, ஆள் மாறவில்லை.

நஞ்சப்பா தன் திட்டத்தை எங்களுக்கு வாயாலேயே சொன்னார். கேமராக்கள் எல்லாம் ஓட வேண்டும். ஆம்புலன்ஸ் வருகிற வழியில் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது. கேட் சாவி எப்போதும் இரண்டு பேரிடம். வெயிலில் மயங்கி விழுகிறவளுக்கு, எந்தப் பக்கத்தவளாக இருந்தாலும், தண்ணீரும் ஒரு பெஞ்சும். அவ்வளவுதானா என்று பெங்களூர் ஆபீசர் கேட்டார். அதற்கு நஞ்சப்பா சொன்னது: "பார்டர்ல எதிரி கூடதான் சண்டை போட்டேன் சார். ஊர்ப் பொம்பளைங்க கூட இல்ல."

திரை போட்ட பஸ்

ஏழாம் நாள் காலை எல்லையைத் தாண்டி ஒரு பஸ் வந்தது. ஜன்னலுக்கெல்லாம் திரை. ஸ்டிரைக்கில் இருப்பவர்களின் வேலையைச் செய்ய ஆள் கொண்டு வந்திருந்தார்கள். புங்க மரத்தடியில் இருந்த பெண்கள் எழுந்து நின்றார்கள். ஒருத்திகூடக் கோட்டைத் தாண்டவில்லை. கோஷமும் போடவில்லை. சும்மா பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கேட்டுக்குள் யார் போனாலும் அடையாள அட்டை பார்க்க வேண்டியது என் வேலை. பஸ்ஸுக்குள் ஏறினேன். முப்பது பேர் இருப்பார்கள், எல்லாம் கர்நாடகக் கிராமத்துப் பெண்கள், மடியில் சாப்பாட்டுத் தூக்கு. யாரிடமும் அட்டை இல்லை. அழைத்து வந்த கான்ட்ராக்டர் என்னைப் பார்த்துக் கத்தினான். வெளியே இத்தனை பேர் எதற்கு நிற்கிறார்கள் என்று முன் சீட்டில் இருந்த ஒரு பெண் கன்னடத்தில் கேட்டாள். எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். இவர்கள் இந்தக் கம்பெனிக்காரர்கள், ஸ்டிரைக்கில் இருக்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உள்ளே போங்கள் என்றும் சொல்லவில்லை, போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை. பஸ்ஸுக்குள் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேச்சு ஓடியது. பிறகு அந்தப் பெண் தூக்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள்.

அவர்களை மறுபடி ஏற்றி ஊருக்குக் கொண்டு போய் விடுவதற்கு டிரைவர் வண்டியைத் திருப்பினார். நாளைக்கும் ஆள் ஏற்றி வரணும் என்று கான்ட்ராக்டர் சொன்னதற்கு அவர் தமிழிலேயே பதில் சொன்னார், எங்கள் எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான்: "வரமாட்டேன் சாமி. நாளைக்கு எங்க தங்கச்சி அந்தப் பக்கம் ஸ்டிரைக்ல உட்காந்தா, ஓசூர்ல இருந்து பஸ்ஸு வரும்."

வெளியே விழுந்த கண்ணாடி

பதினோராம் நாள் எங்கள் கேபினின் முன்பக்கக் கண்ணாடி உடைந்தது. நான் உள்ளேயேதான் இருந்தேன். மிச்சமிருந்த தடியர்களில் ஒருவன் ஆபீசருக்காகப் போட்டிருந்த நாற்காலியைத் தூக்கி இடம் மாற்றுகிறேன் என்று வீசித் திரும்பினான், நாற்காலிக் கால் கண்ணாடியில் பட்டது. அப்போதே சம்பவப் பதிவேட்டில் நேரத்தோடு எழுதிவிட்டேன்.

அரை மணியில் மேனேஜர் டைப் அடித்த ஒரு தாளோடு வந்தார். ஸ்டிரைக் செய்பவர்கள் கல்லெறிந்ததை நான் நேரில் கண்டதாக அதில் இருந்தது. கீழே ஒன்பது பெயர்கள், முதல் பெயர் கலைச்செல்வி. கைக்குழந்தைக்காரியின் பெயரும் இருந்தது. அன்றைக்கு அவள் ஸ்டிரைக்குக்கே வரவில்லை, குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாள். கையெழுத்துப் போடு என்றார். நான் பார்த்ததை ஏற்கெனவே எழுதிவிட்டேன், வேண்டுமானால் அதற்குக் கீழே இன்னொரு கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். நாளைக்கு உனக்கு வேலை இருக்க வேண்டாமா என்று கேட்டார். பார்க்காததற்குக் கையெழுத்துப் போட இந்தக் கைக்கு வராது சார் என்று சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

போலீஸுக்குப் புகார் போயிற்று. வந்தவர் ஒரு பெண் எஸ்.ஐ. கேமராப் பதிவைக் கேட்டார். அந்த ஒரு கேமரா மட்டும் அன்றைக்கு ரிப்பேர் என்றார்கள். பதிவேட்டை வாங்கிப் படித்தார். கேபினுக்குள் வந்து தரையைப் பார்த்தார், ஒரு சில்லுகூட இல்லை. வெளியே போய்ப் பார்த்தார், கண்ணாடி அத்தனையும் தார் ரோட்டில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. நோட்டை மூடிவிட்டு மேனேஜரைக் கேட்டார்: "கல்லு உள்ள இருந்து வெளிய போயிருக்குது சார். அப்ப உங்க ஆபீஸ்ல யாரு ஸ்டிரைக்?"

மாற்றல்

மறுநாளே என்னைக் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் தொழிற்சாலைக்கு மாற்றிவிட்டதாக ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அதுவும் காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். எழுத்தில் கொடுங்கள் என்றேன். அதுவும் வந்தது. பதினோரு பேருக்கு ஆர்டர் வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவர்களுக்காவது வெளியே உட்கார ஒரு மரத்தடி இருந்தது. எனக்கு யார் கோடு போடுவார்கள்?

பேசாமல் கையெழுத்துப் போட்டிருக்கலாமோ என்று வீட்டில் ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தோணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதல் பெஞ்சில் உட்கார்கிற ஆள், ஆனால் புத்திமதி சொல்கிற வழக்கம் கிடையாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து சொன்னார்: "ஒம்போது பொம்பளைங்கள உள்ள அனுப்பிட்டு நீ வீட்டுக்கு வந்திருந்தா, இந்தச் சோத்த எப்படிப் போட்டிருப்ப?"

கிருஷ்ணகிரியில்

நான் கூழ் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். அதற்குள் தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் கிருஷ்ணகிரியில் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. கம்பெனியின் வக்கீல் முதலில் எடுத்த ஆயுதம், ஸ்டிரைக் நோட்டீஸே எங்களுக்கு வரவில்லை என்பது. கலைச்செல்வி நகலைக் காட்டினாள். சீல் போலி என்றார்கள். கேட்டில் வாங்கியவளைக் கூப்பிடுங்கள் என்றார் அதிகாரி. லீவு போட்டுப் போனேன். ரிஜிஸ்டரைக் கொண்டு வரச் சொல்லி, என் கையெழுத்தைக் காட்டி, நேரத்தைச் சொன்னேன். கம்பெனி உத்தரவை மீறி வாங்கினீர்களா என்று வக்கீல் கேட்டார். கம்பெனி உத்தரவுப்படிதான் வாங்கினேன், அந்த உத்தரவைச் சுவரிலிருந்து கழற்றியது நான் இல்லை என்றேன். அதிகாரி சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

இருபத்து மூன்றாம் நாள் ஒப்பந்தம் ஆயிற்று. பதினோரு மாற்றல்களில் ஒன்பது ரத்து. இரண்டு பேருக்கு விசாரணை முடியும்வரை இங்கேயே வேலை. எல்லாம் கிடைத்துவிடவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் கலைச்செல்வி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இந்த விவகாரத்தில் பொய்ச் சாட்சி சொல்ல மறுத்ததற்காகக் கேட்டில் இருந்த காவலாளியை மாற்றியதும் ரத்தாக வேண்டும், அந்த வரி இல்லாமல் போடமாட்டேன் என்றாளாம். அந்தம்மா உங்கள் சங்கமே இல்லையே, ஏஜென்சி ஆள், தினமும் உங்களைத் தடவிப் பார்க்கிறவர்தானே என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். அதற்கு அவள் சொன்னதை அங்கிருந்த நாலு பேர் என்னிடம் வந்து ஒரே மாதிரி சொன்னார்கள்: "எங்க மேல படற கை யாரு கைன்னு நாங்கதான் சொல்லுவம் சார்."

நாற்காலி

பழைய கேட்டுக்கே திரும்பி வந்தேன். வந்த பிறகுதான் என் கால் எனக்கு வலித்தது. ஸ்டிரைக்கில் எல்லாருக்காகவும் பேசியாயிற்று, பன்னிரண்டு மணி நேரம் நிற்கிற நமக்காக ஒருவரும் பேசவில்லையே என்று நஞ்சப்பாவிடம் கேட்டேன். கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டமே இருக்கிறது. காவலாளிக்கு மட்டும் காலா வேறு? ஏஜென்சிக்கு இரண்டு தடவை எழுதிக் கொடுத்தோம். கேட்டில் இருக்கிறவன் உட்கார்ந்தால் கம்பெனிக்கு மரியாதை இல்லை என்று பதில் வந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தோணியின் ஆட்டோவில் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்து இறங்கின, எல்லாம் எங்கள் வீடுகளிலிருந்து எடுத்தவை. ஆறு கார்டுகளும் உட்கார்ந்தோம். வேலையை ஒரு நிமிஷம் நிறுத்தவில்லை. வண்டி வந்தால் எழுந்தோம், பை பார்த்தோம், பதிவேடு எழுதினோம், மறுபடி உட்கார்ந்தோம். ஷிப்டு முடிந்து வெளியே வந்த பெண்கள் எங்களைப் பார்த்துவிட்டு, வரிசையாக நின்று, அவர்களாகவே பையைத் திறந்து காட்டிவிட்டுப் போனார்கள். மேனேஜர் தன் காரிலிருந்தே பார்த்தார், கண்ணாடியை இறக்கவில்லை. பதினோரு மணிக்கு ஏஜென்சி ஆபீசர் ஓடி வந்தார். உட்கார்ந்துகொண்டே எப்படிக் காவல் காப்பீர்கள் என்று கேட்டார். எழுந்து பதில் சொல்லலாமா என்று எனக்கு ஒரு நொடி பழக்கதோஷத்தில் கால் துடித்தது. நஞ்சப்பா உட்கார்ந்தபடியே சொன்னார்: "நிக்கறப்ப கால்தான் நெனப்புல இருந்தது சார். இப்பதான் கண்ணு வேல செய்யுது."

நாற்காலிகள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. கேட்டில் நிற்கிறவளுக்கு வாய் இருக்கக் கூடாது என்று வேலைக்கு எடுக்கும்போது அவர்கள் எழுதி வாங்க மறந்துபோனது, உங்களுக்கும் எனக்கும் கிடைத்த ஒரே சலுகை.